எஞ்சினுக்குக் கூடுதல் பவர்: மொன்றியல் டவுன்டவுனில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கிராண்ட் ப்ரீ வாரம் வந்துவிட்டால் மொன்றியல் டவுன்டவுனில் கிரசென்ட் வீதியும் பீல் வீதியும் கார்க் கண்காட்சியாகிவிடும். எல்லோரும் ஃபெராரியைப் படம் பிடிப்பார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது பக்கத்துத் தெருக்களில் நிற்கும் சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், கோல்ஃப் ஜிடிஐ, சிவிக் எஸ்ஐ கார்களும், பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசும் இளைஞர்களும்தான். பார்க் எக்ஸ்டென்ஷனிலும் கோத்-தெ-நேஜிலும் வளர்ந்த நம் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும்: இன்னும் எவ்வளவு குதிரைத்திறன் ஏற்றலாம்?

ஏற்றலாம். டர்போ எஞ்சின் என்றால் மென்பொருளை மட்டும் மாற்றியே நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூட்ட முடிகிற கார்கள் உண்டு. ஆனால் அந்தப் பவர் வெளியிலிருந்து வருவதில்லை. மட்டமான பெட்ரோல், கடும் வெயில், தேய்ந்த ஸ்பார்க் பிளக், தாமதமாக மாற்றிய ஆயில் எல்லாவற்றையும் எஞ்சின் தாங்க வேண்டும் என்று தொழிற்சாலை அதற்குள் ஒரு கையிருப்பை விட்டுவைக்கிறது. டியூன் செய்பவர் அந்தக் கையிருப்பைச் செலவழிக்கிறார். மொன்றியலின் தட்பவெப்பம் அதே கையிருப்பை ஏற்கெனவே இரு பக்கமும் அரித்துக்கொண்டிருக்கிறது: ஜனவரியில் மைனஸ் 25, ஜூலையில் புழுக்கத்தோடு 30க்கு மேல். ஆகவே இங்கே காரைத் தொடுகிறவர் எதை முதலில் செய்கிறார், எதைக் கடைசியில் செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பவர் தரும் வேலை கடைசியில் வர வேண்டும். கீழே உள்ளவற்றை அந்த எண்ணத்தோடு படியுங்கள்.

செய்ய வேண்டியவை

எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறதா என்று முதலில் சோதியுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளவெடுக்கச் சொல்லுங்கள். நான்கு எண்களும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. அதைவிட நுணுக்கமானது லீக்-டவுன் சோதனை. சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தி எத்தனை சதவீதம் கசிகிறது, எந்த வழியாகக் கசிகிறது என்று பார்ப்பது அது. ஆயில் ஊற்றும் வாயில் காற்றுச் சத்தம் கேட்டால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. புகைக்குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடவில்லை. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். கசிவு இருபது சதவீதத்தைத் தாண்டிய எஞ்சினில் பவர் ஏற்றுவது பழுதான எஞ்சினைச் சீக்கிரம் முடித்துவைக்கும் வேலை. நல்ல டியூனர் இந்தச் சோதனையின் முடிவைப் பார்க்காமல் மடிக்கணினியைத் திறக்க மாட்டார். திறக்கிறார் என்றால் வேறு இடம் தேடுங்கள்.

உங்கள் எஞ்சினின் பலவீனம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். எந்த எஞ்சினும் எல்லா இடத்திலும் ஒரே அளவு பலமாக இருப்பதில்லை. எங்கே உடையும் என்பது அந்த எஞ்சினை வைத்திருப்பவர்களிடையே பல ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம்தான்.

சுபாருவின் 2.5 லிட்டர் இஜே டர்போ எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ கார்களில் 2021 வரை வந்தது. அதன் வார்ப்புப் பிஸ்டன்களில் ரிங்குகளைத் தாங்கும் மெல்லிய விளிம்பு, நாக்கிங் வந்தால் விரிசல் விட்டுவிடும். நாக்கிங் என்பது ஸ்பார்க் பற்றவைத்த தீ பரவி வந்து சேருமுன், மூலையில் எஞ்சியிருக்கும் காற்றும் பெட்ரோலும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தானாக வெடிப்பது. அந்த அதிர்ச்சி பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பதற்குச் சமம். விளிம்பு உடைந்தபின் கம்ப்ரஷன் விழும், ஆயில் புகையும், எஞ்சினைக் கழற்றித்தான் ஆக வேண்டும். இந்தக் காரை வைத்திருப்பவர் கூடுதல் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) கேட்பதற்கு முன், இரும்பு அச்சில் அழுத்தி உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டன்களைப் போடத் தயாரா என்று யோசிக்க வேண்டும். தயாரில்லை என்றால் மிதமான டியூனோடு நிறுத்திக்கொள்வதுதான் சரி.

கோல்ஃப் ஜிடிஐயிலும் கோல்ஃப் ஆரிலும் இருக்கும் இஏ888 எஞ்சின் உள்ளே வலுவானது. அதன் சிக்கல் வேறு. பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சுவதால், இன்டேக் வால்வின் முதுகை எந்தப் பெட்ரோலும் கழுவுவதில்லை. ஆயில் ஆவி அங்கே படிந்து கரியாக இறுகிவிடும். காற்றோட்டம் குழம்பும். ஓடித் தேய்ந்த காரில் டியூன் போடுவதற்கு முன் வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தோடு அடித்து அந்தக் கரியை எடுப்பது பழகிய முறை. இதைச் செய்த பிறகு சிலருக்கு டியூனே தேவைப்படாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். இழந்த பவர் திரும்பி வந்துவிடுகிறது.

ஹோண்டாவின் 1.5 லிட்டர் டர்போ இந்த ஊரில் தனிக் கவனம் கேட்கிறது. குளிரில் குறுகிய தூரம் மட்டும் ஓடினால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலந்துவிடுகிறது. குளிர்ப் பிரதேசங்களில் இது பெரிய அளவில் தலைதூக்கியதால் ஹோண்டா கனடா 2018 வாக்கில் சிவிக், சிஆர்-வி கார்களுக்கு மென்பொருள் திருத்தமும் கூடுதல் வாரண்டியும் அறிவித்தது. டவுன்டவுனில் வசித்து, நாலைந்து கிலோமீட்டரில் இருக்கும் அலுவலகத்துக்குப் போய் வருபவரின் கார் குளிர்காலம் முழுக்க அந்த நிலையில்தான் இருக்கும். டியூன் போட்டால் பெட்ரோல் இன்னும் கூடும், ஆயில் இன்னும் நீர்க்கும். ஆயில் கம்பியை உருவி அளவு கூடியிருக்கிறதா, பெட்ரோல் வாசம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். ஆயிலை நிறுவனம் சொன்ன கெடுவுக்கு முன்பே மாற்றுங்கள்.

டர்போ இல்லாத எஞ்சின் வைத்திருப்பவருக்கு ஒரு வார்த்தை. இன்டேக், எக்ஸாஸ்ட், டியூன் எல்லாம் சேர்த்தாலும் பத்து சதவீதம் கூடினால் பெரிது. அந்தப் பணத்தை நல்ல டயருக்குச் செலவிட்டால் கார் உண்மையில் வேகமாகும்.

எந்தப் பெட்ரோல் போடப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு டியூன் செய்யுங்கள். இங்கே பெட்ரோல் நிலையங்களில் 87, 91 பரவலாகக் கிடைக்கும். 94 சில நிலையங்களில்தான் உண்டு. இலங்கையிலும் இந்தியாவிலும் எழுதும் ஒக்டேன் எண் வேறு அளவுகோலில் வருவது. அங்கே 95 என்றிருப்பது இங்கே 91க்கு ஏறக்குறையச் சமம். ஒக்டேன் கூடினால் நாக்கிங்கை எதிர்க்கும் திறன் கூடும், அவ்வளவுதான். அதற்கேற்ப ஸ்பார்க் நேரத்தை முன்னே கொண்டுவந்தால்தான் பவர் வரும். 94க்கு டியூன் செய்த காரில் கியூபெக் சிட்டிக்குப் போகும் வழியில் கிடைத்த 91ஐ நிரப்பினால் முன்னே கொண்டுவந்த அந்த ஸ்பார்க் நேரமே எதிரியாகும். என் யோசனை: ஊர் முழுக்கக் கிடைக்கும் 91க்கு டியூன் செய்யுங்கள், 94 போட்டால் அது உபரிப் பாதுகாப்பாக இருக்கட்டும்.

எத்தனாலையும் கணக்கில் எடுக்க வேண்டும். கியூபெக் விதிப்படி பெட்ரோலில் கலக்கும் குறைந்த கார்பன் எரிபொருளின், முக்கியமாக எத்தனாலின், குறைந்தபட்சப் பங்கு 2023இல் 10 சதவீதம். 2030க்குள் அது 15 சதவீதமாகும். எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும், ஆனால் அதே காற்றுக்கு அதிக அளவு எரிபொருள் தேவைப்படும். இன்ஜெக்டர் ஏற்கெனவே தன் நேரத்தில் 85 சதவீதம் திறந்தே இருந்தால் அந்தக் கூடுதலைக் கொடுக்க அதனிடம் இடமில்லை. டியூனரிடம் இன்ஜெக்டர் எத்தனை சதவீதத்தில் ஓடுகிறது என்று கேளுங்கள்.

இரண்டு பருவத்திலும் பதிவெடுங்கள். இந்த ஊரில் அதிகம் பேர் தவறவிடுவது இதைத்தான். மைனஸ் 20 பாகையில் காற்று, 30 பாகைக் காற்றைவிட ஏறக்குறைய இருபது சதவீதம் அடர்த்தியானது. அதே பூஸ்ட் அழுத்தத்தில் அதே சிலிண்டருக்குள் இருபது சதவீதம் அதிக ஆக்சிஜன் போகிறது. ஜூலையில் டைனோவில் (பவரை அளக்கும் இயந்திரத்தில்) அழகாக அமைந்த டியூன், வெப்பநிலைத் திருத்தங்கள் ஒழுங்காகச் செய்யப்படவில்லை என்றால் ஜனவரியில் பெட்ரோல் போதாமல் ஓடும். முழு அழுத்தத்தில் டர்போ எஞ்சினுக்குப் பொதுவாகப் பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று பதினொன்றிலிருந்து பன்னிரண்டு பங்கு வரை இருப்பது பாதுகாப்பு. சாதாரண ஓட்டத்தில் அது 14.7. முழு அழுத்தத்தில் காற்றின் பங்கு பதின்மூன்றையும் தாண்டி ஏறுகிறது என்றால் காலை எடுத்துவிடுங்கள். இதை அளக்க, எவ்வளவு கூடுதல் எவ்வளவு குறைவு என்று துல்லியமாகச் சொல்லும் வைட்பேண்ட் சென்சார் வேண்டும்.

கோடையில் சிக்கல் தலைகீழ். சென்-கத்தரின் வீதியில் நடைபாதைகளை அகலமாக்கிய பிறகு கார் நகர்வதே மெதுவாகத்தான். வேலை நடக்கும் பகுதிகளில் நகர்வதேயில்லை. நின்று நின்று போகும்போது இன்டர்கூலருக்குக் காற்று கிடைப்பதில்லை, அது வெப்பத்தில் ஊறிவிடும். அங்கிருந்து வில்-மரி சுரங்கப்பாதைக்குள் இறங்கியவுடன் முழு வேகத்துக்கு மிதிப்பவரின் எஞ்சின் அன்றைய நாளிலேயே மிகச் சூடான காற்றை உள்ளிழுத்துக்கொண்டிருக்கும். இன்டேக் வெப்பநிலை, பூஸ்ட், காற்று-பெட்ரோல் விகிதம், நாக் சென்சார் பின்னுக்கு இழுத்த ஸ்பார்க் நேரம் ஆகிய நான்கையும் ஜனவரியில் ஒருமுறை, ஜூலையில் ஒருமுறை பதிவெடுத்து டியூனருக்கு அனுப்புங்கள். ஒரே ஒரு நாள் டைனோவோடு முடிந்த டியூன் பாதி டியூன்தான்.

பிரேக், கூலிங், கிளட்ச், டயர் ஆகியவற்றுக்கு முதலில் செலவிடுங்கள். கையிலுள்ள பணத்தில் பாதியை ஒரு குதிரைத்திறனும் தராத வேலைகளுக்கு ஒதுக்கிவையுங்கள் என்பேன். டவுன்டவுனிலிருந்து பாலம் தாண்டினால் வரும் நோத்ர்-தாம் தீவில்தான் ஜில் வில்நெவ் பந்தயப் பாதை இருக்கிறது. 1978இல் அங்கே நடந்த முதல் கனடிய கிராண்ட் ப்ரீயை ஃபெராரியில் வென்றவர் வில்நெவ்தான். 1982இல் அவர் இறந்த பிறகு பாதைக்கு அவர் பெயர் வந்தது. நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் சட்டென்று வேகத்தைக் குறைக்க வேண்டிய அமைப்பு என்பதால், பிரேக்கைக் கடுமையாகச் சோதிக்கும் பாதைகளில் ஒன்று என்று அது பெயரெடுத்தது. நம் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2012இல் எச்ஆர்டி அணிக்காக அங்கே ஓட்டியபோது பிரேக் கோளாறால்தான் வெளியேறினார். அவருடைய அணித்தோழரின் காரும் அதே பந்தயத்தில் பிரேக்கால்தான் நின்றது. ஃபார்முலா ஒன் காருக்கே அந்த நிலை என்றால், தொழிற்சாலை பிரேக்கோடு பவரை மட்டும் கூட்டிய குடும்பக் காரை எண்ணிப் பாருங்கள். குறைந்தபட்சம் பிரேக் திரவத்தைப் புதிதாக மாற்றி, வெப்பம் தாங்கும் பேட் போடுங்கள்.

கிளட்ச் வழுக்கத் தொடங்கினால் ஏற்றிய பவர் சக்கரத்துக்கே போகாது. குளிர்கால டயர் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கியூபெக்கில் சட்டப்படி கட்டாயம். கூடிய டார்க்கைப் பனியில் அந்த டயர் தாங்காது என்பதால் குளிர்காலத்துக்குத் தனியாக மிதமான டியூன் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

ஆயில் சூடான பிறகு மிதியுங்கள். கூலன்ட் முள் நடுவுக்கு வந்ததும் எஞ்சின் தயார் என்று பலர் நினைக்கிறார்கள். ஆயில் அதற்குப் பின்னும் வெகுநேரம் குளிராகவே இருக்கும். நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்க மொன்றியல் நகராட்சி விதி இடம் தருவதில்லை. கடுங்குளிருக்கு விலக்கு உண்டு என்றாலும் பொதுவாக மூன்று நிமிடம்தான். ஆகவே மெதுவாக ஓட்டியே சூடாக்குங்கள், அல்லது பிளாக் ஹீட்டர் போடுங்கள். நேரடி இன்ஜெக்ஷன் டர்போவுக்கு ஏபிஐ எஸ்பி தர ஆயிலே வேண்டும். காரணம் கீழே வருகிறது.

காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். விபத்தில் உடற்காயத்துக்குக் கியூபெக் அரசின் வாகனக் காப்புறுதி அமைப்பான எஸ்ஏஏக்யூ பொறுப்பேற்கும். கார் சேதத்துக்கும் மற்றவர் சொத்துக்கும் உங்கள் தனியார் காப்புறுதிதான். ஆபத்தைக் கூட்டும் மாற்றத்தை உடனே அறிவிக்க வேண்டும் என்கிறது கியூபெக் சிவில் சட்டம். மாற்றங்களின் ரசீதுகளையும் படங்களையும் சேர்த்து அனுப்புங்கள். பிரீமியம் கூடும். கூடட்டும். இழப்பீடு மறுக்கப்படுவதைவிட அது மலிவு.

ஒரே டைனோவில் முன்னும் பின்னும் அளக்கச் சொல்லுங்கள். ஒரு கடையின் எண்ணை இன்னொரு கடையின் எண்ணோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். காற்றழுத்தத்துக்கும் வெப்பநிலைக்கும் திருத்தம் போடும் முறையை மாற்றினாலே நான்கு சதவீதம் கூடுதலாகக் காட்ட முடியும். உச்ச எண்ணைவிட வளைகோடு முக்கியம். டவுன்டவுனில் நீங்கள் ஓட்டுவது 2,000 சுற்றுக்கும் 3,500 சுற்றுக்கும் இடையில்.

செய்யக்கூடாதவை

வேறொருவர் காருக்குச் செய்த டியூனை உங்கள் காரில் ஏற்றாதீர்கள். நண்பரின் கார் அதே மாடல், அதே ஆண்டு என்பது போதாது. அவருடைய இன்ஜெக்டர், அவருடைய காற்றுச் சென்சார், அவர் போடும் பெட்ரோல் எல்லாம் வேறு. கலிஃபோர்னிய வெயிலில் எழுதிய கோப்புக்கு மைனஸ் 25 என்ற நிலைமையே தெரியாது.

இன்டேக் குழாயை மாற்றிவிட்டு டியூனைத் தொடாமல் விடாதீர்கள். எஞ்சினுக்குள் எவ்வளவு காற்றுப் போகிறது என்பதைக் குழாயின் விட்டத்தை வைத்துத்தான் சென்சார் கணக்கிடுகிறது. குழாய் அகன்றால் அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் குறைவாக எண்ணும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைக்கும். சுபாருவில் இது எஞ்சினையே முடித்துவிடக்கூடிய தவறு. ‘வெறும் ஃபில்டர்தான் அண்ணா, போல்ட்டை முறுக்கினால் போதும்’ என்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம். அந்த ஃபில்டரைப் பம்பருக்குக் கீழே இறக்கி வைக்கவும் வேண்டாம். மார்ச் மாதத்து உப்புச் சேறு நேராக அதில் ஏறும். 2024 ஆகஸ்ட் 9 அன்று டெப்பி சூறாவளியின் மிச்சம் மொன்றியலில் ஒரே நாளில் 150 மில்லிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியது, நெடுஞ்சாலைகளே குளமாயின. அப்படிப்பட்ட நீரில் தாழ்ந்த இன்டேக் ஒரு மிடறு உறிஞ்சினால் போதும். தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

உயர்ந்த கியரில், குறைந்த சுற்றில், முழுதாக மிதிக்காதீர்கள். ஷெர்புரூக் வீதியிலிருந்து மலையேறும் கோத்-தெ-நேஜ் சாலையில் ஐந்தாம் கியரிலேயே விட்டு 1,800 சுற்றில் காலை அழுத்துவது சுலபம், டர்போவும் இழுக்கும். ஆனால் சிறிய டர்போ எஞ்சினில் பூஸ்ட் மிகக் கூடும் நேரம் அதுதான். ஆயில் துளியோ கரித் துணுக்கோ ஸ்பார்க்குக்கு முன்பே பற்றிக்கொள்ளலாம். இந்த முன்பற்றல் நாக்கிங்கைவிடக் கொடியது. ஒரே அடியில் பிஸ்டன் உடையும், ராடு வளையும். அதைக் குறைக்கும்படி உருவாக்கிய தரம் என்பதால்தான் எஸ்பி ஆயிலை மேலே சொன்னேன். கியரைக் குறையுங்கள். டியூனரிடமும் கீழ்ச் சுற்றில் டார்க்கை மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள்.

ஆயில் கேட்ச் கேனை குளிர்காலத்தில் மறந்துவிடாதீர்கள். எஞ்சினுக்குள்ளிருந்து வரும் ஆவியில் ஆயிலை வடிகட்ட அதைப் பலர் போடுகிறார்கள், நல்லதுதான். ஆனால் அந்த ஆவியில் நீரும் உண்டு. மைனஸ் இருபதில் அது கேனிலும் குழாயிலும் உறைந்து வழியை அடைத்துவிடும். உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான சீலைத் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வரும். குளிர் தொடங்கியதும் வாரந்தோறும் காலி செய்யுங்கள், முடியாவிட்டால் வசந்தம்வரை கழற்றி வையுங்கள்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை வெட்டாதீர்கள், சைலன்சரைக் கழற்றாதீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு உறுப்பை நீக்குவதும், எக்ஸாஸ்டைச் சத்தம் கூடும்படி மாற்றுவதும் கியூபெக்கில் சட்டவிரோதம். உயர் ஓட்டக் கன்வெர்ட்டர் போட்டால் முழுதாக வெட்டுவதற்கு மிக நெருங்கிய பவர் கிடைக்கும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பிஷப் வீதியிலும் கிரசென்ட்டிலும் கடைகளுக்கு மேல் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். இரவு ஒரு மணிக்கு எஞ்சினை முறுக்கிச் சுவர்களில் எதிரொலிக்க விடுவது அவர்கள் தூக்கத்தைப் பறிப்பது. இதில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை.

பூஸ்ட் கன்ட்ரோலரை மட்டும் வாங்கித் திருகாதீர்கள். அழுத்தம் கூடும், பெட்ரோலும் ஸ்பார்க் நேரமும் கூடவே மாறாது. பத்து நிமிட வேலை, எஞ்சின் விலை.

டீலரிடம் மறைக்கலாம் என்று எண்ணாதீர்கள். பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றினாலும் தடம் இருக்கும். ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களில் மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டால் டிடி1 என்ற குறி அந்தக் காரின் பதிவில் ஏறும், எஞ்சின், கியர்பாக்ஸ் வாரண்டி கேள்விக்குறியாகும். வாரண்டி முடியும்வரை காத்திருங்கள், அல்லது இழப்பை ஏற்றுக்கொண்டு செய்யுங்கள்.

நிலத்தடித் தரிப்பிடத்தை நம்பி உப்பை மறக்காதீர்கள். ரெனே-லெவெக் பகுதியில் அடுக்குமாடிகளின் சூடான கராஜ் எஞ்சினுக்குச் சுகம், இரும்புக்கு நோய். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் உப்பு வேகமாக அரிக்கும். இன்டர்கூலரின் அலுமினியத் தகடுகளையும் எக்ஸாஸ்ட் போல்ட்டுகளையும் குளிர்காலத்தில் அடிக்கடி கழுவுங்கள்.

ஓட்டக் கற்பதற்கு முன் பவரைத் தேடாதீர்கள். கோயம்புத்தூர் கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி 800இன் சிறிய மூன்று சிலிண்டர் எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கினார். கார்த்திகேயனும் சென்னையின் கருண் சந்தோக்கும் அந்த எளிய காரில் ஓட்டித்தான் மேலே போனார்கள். இருவரும் பிறகு இதே மொன்றியலில் ஃபார்முலா ஒன் ஓட்டினார்கள். குறைந்த பவரில் வளைவுக்குள் வேகத்தைத் தக்கவைக்கப் பழகிய கால், நிறையப் பவர் கிடைத்தாலும் தடுமாறாது. ஒரு நாள் டிராக் பயிற்சிக்குக் கொடுக்கும் பணம் ஒரு எக்ஸாஸ்ட்டின் விலையில் சிறு பங்குதான்.

புதிய பவரை டவுன்டவுனில் சோதிக்காதீர்கள். 40 கிலோமீட்டர் எல்லையில் 80ஐத் தொட்டாலே கியூபெக்கில் அது மிகை வேகக் குற்றம், சாரதி அனுமதிப்பத்திரம் அந்த இடத்திலேயே ஏழு நாள் பறிபோகும். தெருப்பந்தயம் என்றால் ஆயிரம் முதல் மூவாயிரம் டாலர் வரை அபராதம், பன்னிரண்டு குறைப்புப் புள்ளிகள், கார் ஏழு நாள் பறிமுதல். 25 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு அந்தப் பன்னிரண்டு புள்ளிகளே அனுமதிப்பத்திரம் ரத்தாகப் போதும். நோத்ர்-தாம் தீவுப் பாதையும் இதற்கு இடமல்ல. பந்தயம் இல்லாத நாட்களில் அது பொதுச் சாலை, எல்லை 30, சைக்கிள் ஓட்டிகளும் குழந்தைகளும் நிறைந்திருப்பார்கள்.

இடம் வேண்டுமென்றால் இருக்கிறது. நாப்பியர்விலிலும், சென்-பீயில் உள்ள சனேரிலும் கால் மைல் நேர்கோட்டுப் பந்தயப் பாதைகள் உண்டு, இரண்டும் டவுன்டவுனிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்துக்குள். வளைவுகள் வேண்டுமானால் மோன்-ட்ரெம்ப்ளான் பாதை. 1968இலும் 1970இலும் கனடிய கிராண்ட் ப்ரீ நடந்த இடம், சத்தத்துக்கு அங்கேயும் கட்டுப்பாடு உண்டு. கோடை மாதங்களில் பொதுமக்கள் தங்கள் காரைக் கொண்டுவரும் நாட்களைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள், ஹெல்மெட் எடுத்துக்கொள்ளுங்கள், புறப்படும் முன் பிரேக் திரவத்தையும் சக்கர நட்டுகளையும் பாருங்கள். இவ்வளவு பணமும் உழைப்பும் போட்டுக் கட்டிய எஞ்சினை, தம்பிமாரே தங்கைமாரே, தயவுசெய்து அங்கே கொண்டுபோய் ஓட்டுங்கள்.